நைட்டி மேயும் ஜோசபின்

துப்பறியும் நிபுணர் தெய்வசிகாமணியை ஓர் ஆடு காதலித்துக்கொண்டிருந்தது. அவர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. அவர் நின்றால், சட்டையின் அக்குளில் மூக்கை வைத்து ஆழமாக மூச்சை இழுத்தது. இத்தனை காலம் குடித்தனம் நடத்தும் அவர் மனைவிகூட அவ்வளவு நெருக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

“ஊர்ல எனக்கு ஒரு ரசிகர் இல்லன்னு வருத்தப்பட்டுக்கினு இருந்தீங்களே சார்,” என்றேன். “வந்துட்டாங்க பாருங்க.”

“வாயை மூடு அஞ்சலாட்சி.”

அஞ்சலாட்சி நான்தான். சாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர், ஸ்கூட்டர் ஓட்டுநர், டீ வாங்கி வருகிறவர் எல்லாம் ஒரே ஆள். எங்களுக்கு வரும் வழக்குகள் பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா என்பதுதான். குடிப்பார் என்ற ஒரே விடையை வேறு வேறு தாளில் டைப் அடித்துக் கொடுப்போம். அதனால் உழவர்கரையில் ஓர் ஆட்டுப் பண்ணையில் பால் காணாமல் போகிறது என்று போன் வந்ததும் சார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்தச் சட்டைதான் இப்போது ஆட்டின் எச்சிலில் நனைந்துகொண்டிருந்தது.

“ஜோசபின்! விடு அவர!”

அதட்டியவர் பண்ணையின் முதலாளி சிவசங்கரி அம்மாள். யூடியூபில் மூலிகைத் தீவனம் என்று தேடினால், கழுத்து நிறைய நகையோடு ஆட்டுக்கு மருந்து ஊட்டும் ஒருவர் வருவார். அவரேதான். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுத் தெருவில் ஆட்டுப் பாலில் சீஸ் செய்யும் ஒரு காபிக் கடைக்கு இவர் பால் போகிறது. அதனால் பண்ணையில் எல்லா ஆட்டுக்கும் பிரெஞ்சுப் பெயர். நீண்ட காதும் வளைந்த மூக்கும் கொண்ட இந்த ஜமுனாபாரி இன ஆடுதான் ஜோசபின். பக்கத்தில் அசை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மரியும் தெரேசும். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் மட்டும் மண்ணாங்கட்டி. அவருக்குப் பெயர் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

“ஊசி கெடையாது, ரசாயனம் கெடையாது சார்,” என்று கேமரா இல்லாமலே ஆரம்பித்தார் சிவசங்கரி அம்மாள். “தண்ணீர்விட்டான் கிழங்கு, வெந்தயம், சதகுப்ப, சீரகம், முருங்க எல. பொடியா அரைச்சு வாங்கி, தவுட்டோட பெசஞ்சு, எங் கையால குடுக்கறேன். பால் கொட்டிச்சு. கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சு. இப்ப ஒரு மாசமா பாதிகூட வரல. காபிக் கடை மதாம் தெனம் போன் போட்டுக் கேக்கறாங்க. நடுவுல ஒருத்தன் கறந்து வித்துக்கினு இருக்கான்.”

விரலை நீட்டினார். விரலுக்கு நேரே, கையில் தழைக்கட்டோடு மண்ணாங்கட்டி நின்றிருந்தார்.

“நான் கறக்கலம்மா. ஆடுங்க மேல சத்தியமா கறக்கல.”

“நீ பேசாத. சாயங்காலம் ஏட்டு வர்றாரு. அவருகிட்டப் பேசு.”

ஏட்டு என்பவர் அவருடைய தங்கை கணவர். சாயங்காலத்துக்குள் நாங்கள் வேறு திருடனைக் காட்டாவிட்டால் மண்ணாங்கட்டி ஸ்டேஷனுக்குப் போவார். காட்டிவிட்டாலும் எங்களுக்குத் தனியாகப் பாராட்டு கிடையாது. எங்களை அழைத்ததே, ஏட்டு வரும்போது சாட்சிக்கு நாலு பேர் நிற்கட்டும் என்றுதான். அதை அவர் மறைக்கவும் இல்லை.

மண்ணாங்கட்டி என்னிடம் மெல்ல வந்தார். “எம் பொண்ணு சின்னப்பாப்பாவுக்கு நிச்சயம் பண்ணியிருக்கும்மா. ஸ்டேஷன்ல போய் நின்னேன்னா மாப்ள வூட்டுக்காரங்க காதுக்குப் போயிடும். அவ கல்யாணம் நின்னுடும்.”

மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்களைப் போன்ற ஓர் அலுவலகம்தான். பெண்ணின் அப்பா திருடர் என்று அழகாக டைப் அடித்து, கவரில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்போம்.

“இது மட்டுமா சார்?” என்றார் சிவசங்கரி அம்மாள். “ஜோசபினக் கட்டிப் போடக்கூட இவனுக்குத் துப்பில்ல. மருமக நைட்டி ஒண்ணு விடாம மென்னு வச்சிருக்குது.”

“கட்டித்தான் போடுறேன்,” என்றார் மண்ணாங்கட்டி. “அறுத்துக்கினு போவுது. கொடியில அத்தினி துணி தொங்குது சார். அம்மா பொடவ இருக்குது, எங் கைலி இருக்குது, போர்வ இருக்குது. எதையும் தொட மாட்டேங்குது. சின்னம்மா நைட்டியத்தான் தேடிப் போய் மெல்லுது. கொழந்த துணியைக்கூட மோந்து பாக்குது.”

“நல்லவேளை, ஒரே ஆள் உடுப்புல நிக்குது,” என்றேன். “ஆம்பளைங்களுக்கே அந்தப் புத்தி இல்ல.”

சார் சிரிக்கவில்லை. மாடியைப் பார்த்தார். மாடி வராந்தாவில் அந்தச் சின்னம்மா, வீட்டு மருமகள், நின்றிருந்தாள். பெயர் கவிநிலா. தோளில் ஒரு கைக்குழந்தை. கணவன் முகிலனுக்குக் கப்பலில் வேலை. பிள்ளை பிறந்து மூன்று மாதமாகியும் முகத்தைப் போனில்தான் பார்த்திருக்கிறான். எங்களைப் பார்த்ததும் அவள் உள்ளே போய்விட்டாள்.

“அந்தத் தீவனப் பொடியைப் பாக்கலாமா?” என்றார் சார்.

கொட்டிலின் மூலையில் ஒரு பெரிய டின். அதற்கு ஒரு பூட்டு. பூட்டின் சாவி சிவசங்கரி அம்மாள் இடுப்பில். அப்படியொரு பூட்டை நான் நகைக்கடையில்தான் பார்த்திருக்கிறேன்.

“நானே எடுத்து, நானே அளந்து போடுவேன். வேற ஆள் கை படாது,” என்று திறந்தார். “கலைவாணன் கடையிலேர்ந்து மூட்டையா வரும். மாடியில வச்சிருக்கேன், கீழ வச்சா ஈரம் ஏறும். டின்னு தீர்ந்தா அங்கேர்ந்து ரொப்புவேன்.”

“மாடியில எங்க?”

“மருமக ரூமுக்குப் பக்கத்துல. ஏன்?”

“சும்மா கேட்டேன். மூட்டைக்குப் பூட்டு உண்டா?”

“மூட்டைக்கு எதுக்கு சார் பூட்டு? ஆடு மாடி ஏறுமா?”

அந்தத் தர்க்கத்தை மெச்சுவதற்குள் அவர் போன் அடித்தது. “போன்ழூர் மதாம்! வி, வி!” என்று திடீரெனப் பிரெஞ்சில், பத்து வயது குறைந்த குரலில் பேசிக்கொண்டே வெளியே போனார்.

சார் டின்னுக்குள் தலையை விட்டு முகர்ந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்கள் தொழிலில் அந்தப் பார்வைக்கு, உதவியாளர் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். விஷமாக இருந்தால் போவது உதவியாளர்தான். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.

பிறகு இன்னொரு சிட்டிகை எடுத்தேன்.

“என்ன?”

“ஆடாப் பொறந்திருக்கலாம் சார்.” மூன்றாவது சிட்டிகையை அவர் தட்டிவிட்டார். “கேவுரு, பொட்டுக்கடல, வேர்க்கடல, அப்புறம் ஏலக்கா. இது சத்துமாவு சார். கசப்பே இல்ல. வெந்தயம் போட்ட பொடி எப்படிக் கசக்காம இருக்கும்? மூலிக பேருக்குத்தான் இருக்குது.”

சார் மண்ணாங்கட்டி பக்கம் திரும்பினார். “உங்களுக்கு வாசனை தெரியலையா?”

“தெரிஞ்சுது சார். ‘வாசன மாறிப்போச்சும்மா’ன்னு சொன்னேன். ‘மோப்பம் புடிக்கறதுக்கா ஒன்ன வச்சிருக்கேன், ஆட்டப் பாரு’ன்னாங்க.”

“எப்ப?”

“பாலு கொறயறதுக்குக் கொஞ்சம் முந்தி.”

“அவங்களுக்கே தெரியலையா?”

“அம்மாவுக்கு கொரோனா வந்துச்சே, அதுலேர்ந்து வாசன தெரியாது. சாணியும் சாமந்தியும் ஒண்ணுதான் அவங்களுக்கு.”

பாலை யாரும் திருடவில்லை. ஆடுகளுக்கு மருந்து போகவில்லை, அதனால் பால் வரவில்லை. வழக்கு முடிந்தது என்று நான் நினைத்தேன். கதிர்காமத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் கலைவாணன்தான் பொடியை அரைத்து அனுப்புகிறவர். அவர்தான் மூலிகைக்குப் பதில் மாவைக் கட்டி அனுப்பி ஏமாற்றியிருக்கிறார்.

“எவ்வளவு சுலபமா முடிஞ்சுது சார்,” என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

“அதான் பயமா இருக்கு,” என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

கலைவாணன் கடையில் கூட்டம். ஒரு தாளில் சத்துமாவைக் கொட்டி, இது உங்கள் சரக்கா என்று கேட்டேன். முகர்ந்தார், நக்கினார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏலக்காயா? ஆட்டுக்கா? ஏலக்கா விக்கற வெலையில, நான் என்னா தருமச் சத்திரமா வச்சிருக்கேன்? ஏம்மா, ஏமாத்தறவன் மரத்தூளக் கலப்பான், செங்கப் பொடியக் கலப்பான். மூலிகய எடுத்துட்டு ஏலக்காயக் கலக்கற திருடன எங்கயாவது பாத்திருக்கியா நீ?”

பார்த்ததில்லை. என் வழக்கு அந்த இடத்தில் செத்து விழுந்தது. சார் முகத்தில் ஒரு திருப்தி; என் யோசனை தோற்றால் அவருக்குச் சர்க்கரை குறையும்.

“கோவிச்சுக்காதீங்க,” என்றார் சார். “யார் என்ன வாங்கறாங்கன்னு நீங்க வெளிய சொல்ல மாட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் நேர்ல வந்தேன்.”

“நம்ம கடையிலேர்ந்து ஒரு ரகசியம் வெளிய போவாது சார்.” கலைவாணன் குளிர்ந்துபோனார். “இப்ப போறாரே வழுக்கத் தல, மூலத்துக்கு வாங்கிட்டுப் போறாரு. சொல்லுவனா? கோடி வூட்டு வாத்தியார் சம்சாரத்துக்கு முடி கொட்டுது, சவுரி வச்சிருக்காங்க. என் வாயிலேர்ந்து வராது. அந்த பேங்க் மேனேஜரு இருக்காரே...”

வழுக்கைத் தலை காது சிவக்க வேகமாக நடந்தது. பேங்க் மேனேஜரின் நோயும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது, எழுதும்படியாக இல்லை.

“சிவசங்கரி அம்மா வாங்கற பொடி, ஆட்டுக்கு மட்டும்தானா?” என்றார் சார்.

“புள்ள பெத்தவங்களுக்கும் இதேதானே? அளவுதான் கம்மி. தண்ணீர்விட்டான் கிழங்குக்கு ஆடு எது, மனுசி எதுன்னு தெரியுமா? யாராவது வந்து ஒரு பொட்டலம் கேட்டாப் போதும், எந்த வூட்டுல யாருக்குப் பால் பத்தலன்னு எனக்குத் தெரிஞ்சிடும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சா?”

“எனக்குத் தெரிஞ்சா எம் மனசோட போச்சு சார்,” என்றார் கலைவாணன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வரும் வழியில் சிக்னலில் நிறுத்தியபோது சார் குனிந்து தன் சட்டையை முகர்ந்தார்.

“அஞ்சலாட்சி, எம் மேல என்ன வாசனை வருது?”

“மரியாதையாச் சொல்லணுமா, உண்மையாச் சொல்லணுமா?”

“உண்மையா.”

“வெந்தயம். சக்கரைக்குன்னு காலைல ஊற வச்சு ஒரு கிண்ணம் முழுங்கறீங்க. மத்தியானம் அது வேர்வையில வருது. நீங்க ஃபேன் போட்டா கீழ ஜெராக்ஸ் எடுக்கறவங்க எங்கயோ சாம்பார் கொதிக்குதுன்னு நெனச்சுக்கறாங்க.”

“அதான்.” கோபப்படாதது ஆச்சரியம். “ஜோசபின் ஒரு மாசமா வெந்தயம் கெடைக்காம ஏங்கிப் போயிருக்கு. தெரிஞ்ச வாசனை வந்ததும் எம் மேல வந்து விழுந்துது. நான் அழகா இருக்கேன்னு இல்ல.”

“அத நான் அப்பவே யோசிச்சேன் சார்.”

“இதயும் யோசி. கொடியில அத்தனை துணி இருக்க, அது யார் துணியை மட்டும் தேடிப் போய் மெல்லுது?”

பச்சை விளக்கு விழுந்தது. நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் என் பரம்பரையை விசாரித்தார். கவிநிலாவின் நைட்டி. குழந்தையின் துணி. பூட்டில்லாத மூட்டை. பிள்ளை பெற்று மூன்றே மாதம் ஆன பெண்.

“ஆட்டோட மருந்த அவங்க சாப்பிடறாங்க,” என்றேன். “மூட்ட கொறஞ்சா தெரிஞ்சிடும்னு சத்துமாவப் போட்டு ரொப்பறாங்க.”

“மனுஷி சாப்பாடு ஆட்டுக்கு, ஆட்டுச் சாப்பாடு மனுஷிக்கு. யாருக்கும் நஷ்டம் இல்லாத மாதிரிதான் செஞ்சிருக்கா பாவம். நடுவுல மண்ணாங்கட்டி மாட்டிக்கிட்டார்.”

“ரிப்போர்ட்ல என்னா எழுதப் போறீங்க?”

“அதான் தெரியல.”

எனக்குத் தெரிந்திருந்தது. உண்மையை எழுதினால் சிவசங்கரி அம்மாள் அதைத் தங்கையிடம் சொல்வார், தங்கை ஏட்டிடம் சொல்வாள், ஏட்டு ஸ்டேஷனில் சொல்வார். மருமகளுக்குப் பால் இல்லையாம், ஆட்டுத் தீவனத்தைத் தின்றாளாம் என்று ஊரே அவள் மார்பை அளக்கும். நானும் இரண்டு பெற்றவள். அந்த அளவெடுப்பு எனக்குத் தெரியும். எனக்கு ஊர் மேலேயே எரிச்சலாக வந்தது.

பண்ணைக்குத் திரும்பியதும், மூட்டையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனோம். கவிநிலா கதவருகில் நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் கையை நீட்டியதும் குழந்தையைக் கொடுத்தாள். கொழுகொழுவென்று இருந்தது. உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். பவுடர் வாசனைக்கு அடியில் வெந்தயம் மணத்தது.

சார் மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். காலியான டப்பாக்கள், மேலே கையால் எழுதிய சீட்டு: கவிக்கு, அம்மா.

“அம்மா வூட்டுலேர்ந்து சத்துமாவு அனுப்பறாங்களா?” என்று கேட்டேன்.

அவள் முகம் வெளிறியது. “தெரிஞ்சிடுச்சா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா,” என்றார் சார். “நான் வந்தது காணாமப் போன பாலைத் தேடி. மூட்டையில பெருச்சாளி புகுந்துடுச்சு. மூலிகைய அது தின்னுடுச்சு. அவ்ளோதான் என் துப்பு.”

“கடையில வாங்கியிருக்கலாமே கண்ணு,” என்றேன், விடை தெரிந்தும்.

“கலைவாணன் கடையிலயா?” என்றாள். அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “வேற கடைக்குப் போவ என்ன வெளிய விட்டாத்தானேக்கா. இந்தப் பொடி எப்படி வேல செய்யும்னு எனக்குத் தெரியும். அத்தையோட வீடியோ எல்லாம் நான்தான் எடுத்தேன்.”

கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஏட்டு.

புதுச்சேரிப் போலீசின் சிவப்புத் தொப்பி தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் நின்ற ஆடு தெரேசுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே விசாரணையைத் தொடங்கினார்.

“யாருய்யா மண்ணாங்கட்டி?”

“நான்தான் சார்.” அவர் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் எங்கள் சார். “பாலை யாரும் திருடல. நான் கண்டுபிடிச்சிட்டேன். மாடியில மூட்டைக்குள்ள பெருச்சாளி. மூலிகையத் தின்னுடுச்சு. மருந்து போகாததால பால் கொறஞ்சிருக்கு.”

எனக்கே நம்பும்படி இருந்தது. சிவசங்கரி அம்மாள் இடுப்பில் கையை வைத்தார்.

“மூட்ட கொறையலயே சார்? நான்தான தெனம் பாக்கறேன். பெருச்சாளி தின்னுட்டு, தின்ன அளவுக்கு ரொப்பியும் வச்சுட்டுப் போச்சா?”

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, உதவியாளர் ஏதாவது உளற வேண்டும் என்று அர்த்தம்.

“நல்ல குடும்பத்துப் பெருச்சாளிம்மா,” என்றேன்.

“வாங்கற காசுக்குக் கத அளக்கறீங்களா ரெண்டு பேரும்? இவன் உங்களுக்கு என்னா குடுத்தான்? தம்பி, இவன அழைச்சுக்கிட்டுப் போங்க.”

ஏட்டு தொப்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை மண்ணாங்கட்டி தோளில் வைத்தார். மண்ணாங்கட்டி தழைக்கட்டை அவசரமாக ஜோசபினுக்கு முன்னால் போட்டார். “இதுங்களுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன் சார்,” என்றார். அவர் அழவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. இரண்டே சொல்லில் அவரைக் காப்பாற்றலாம். அந்த இரண்டு சொல்லும் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. சார் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

“நான்தான் தின்னேன்.”

கவிநிலா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். தோளில் குழந்தை. அவிழ்ந்த முடியைக்கூட அள்ளி முடியவில்லை.

“என்னாத்த?” என்றார் சிவசங்கரி அம்மாள்.

“ஆட்டுக்கு வச்சிருந்த பொடிய. ஒரு மாசமா. எங்கம்மா அனுப்பின சத்துமாவப் போட்டு மூட்டய ரொப்பி வச்சேன். அண்ணன் பால எடுக்கல. அவர விடச் சொல்லுங்க.”

ஏட்டு கையை எடுத்துவிட்டார். அவருடைய அனுபவத்தில் ஆட்டுத் தீவனம் தின்ற கேசு எந்தப் பிரிவில் வரும் என்று யோசித்திருப்பார் போல. “அப்ப நான் யாரை அழைச்சுக்கிட்டுப் போறது?” என்று பொதுவாகக் கேட்டார்.

சிவசங்கரி அம்மாள் முகத்தில் கோபம் வர வேண்டிய இடத்தில் குழப்பம் வந்தது. “நீ எதுக்கு... கொழந்தைக்குத்தான் டின்னு பாலு வாங்கித் தந்தேனே?”

“அது சேரல அத்த. குடிச்சுக் குடிச்சு வாந்தி எடுத்தான். உங்ககிட்டச் சொன்னேன்.”

“ஏன்டி, பொடி வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் குடுக்க மாட்டனா? அவ்ளோ கல்லு மனசா எனக்கு?”

இந்த இடத்தில்தான் வழக்கு தலைகீழாகத் திரும்பியது. நாங்கள் இருவருமே கண்டுபிடிக்காதது இது. அவள் வெட்கப்பட்டுக் கேட்காமல் திருடினாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், சாரும் நினைத்திருந்தார்.

“கேட்டேன் அத்த,” என்றாள் கவிநிலா. சத்தம் போடவில்லை. “வாசல்ல நீங்க வீடியோவுக்குப் பேசிட்டு உள்ள வந்ததும் கேட்டேன். ‘ஆடு கறந்தா மதாம் வாங்கிக்கறாங்க. நீ கறந்தா யாரு வாங்கப் போறா’ன்னு கேட்டீங்க. சிரிச்சுக்கினேதான் கேட்டீங்க.”

சிவசங்கரி அம்மாளுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. வேடிக்கையாகச் சொல்லி மறந்த ஒரு வார்த்தை. எனக்கு அவரைத் திட்ட நிறைய இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டுகிற வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றியது.

கவிநிலா மண்ணாங்கட்டி பக்கம் திரும்பினாள். “அண்ணே, உங்க மேல பழி வந்தது இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். தெரிஞ்ச ஒடனே எறங்கி வந்திருக்கணும். மாடியில நின்னுக்கினு இவங்க பெருச்சாளிக் கதையை நம்பிக்கினு இருந்தேன். என்ன மன்னிச்சிடுங்க.”

மண்ணாங்கட்டி பதறிப்போனார். மன்னிப்புக் கேட்கப்படுவது அவருக்குப் பழக்கமில்லை. ஏட்டைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், கடைசியில் குழந்தையைப் பார்த்தார்.

“இப்ப பாப்பாவுக்குப் பாலு பத்துதாம்மா?” என்றார்.

கவிநிலாவின் உதடு கோணிக்கொண்டது. அவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்று பேசியவள், அந்த ஒரு கேள்வியில் உடைந்து அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் நான் முயலவில்லை.

“பத்துதுண்ணே,” என்றாள். “இந்த வூட்ல இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான்.”

சிவசங்கரி அம்மாள் மெதுவாக முன்னால் வந்தார். இரண்டு கையையும் நீட்டி, பேரனைத் தரும்படி நின்றார். கவிநிலா குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

தரவில்லை.